கண் அழற்சியுள்ள குழந்தைகளுக்குக் கண்புரை அறுவை: பெற்றோர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சிறார் மூட்டுவாதத்தோடு சேர்ந்து வரும் யுவியைட்டிஸ் என்னும் கண் உள்ளழற்சியால் கண்புரை உண்டான குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்குக் குழந்தைகள் கண் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

என் மகளுக்கு ஐந்து வயது. வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆனாலும் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் சோம்பேறிக் கண் ஆகிவிடாதா, டாக்டர்?

உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. ஏறத்தாழ ஏழெட்டு வயது வரை மூளை பார்வையைப் பழகிக்கொண்டிருப்பதால், மங்கலான கண்ணின் பார்வையை அது பழகாமலே விட்டுவிடலாம்; அதுதான் சோம்பேறிக் கண். ஆகவே தாமதத்துக்கு விலை உண்டு. ஆயினும் அழற்சி அடங்காத கண்ணில் கத்தி வைத்தால் கண்பாப்பா (கருவிழியின் நடுத் துளை) ஒட்டிக்கொள்ளவும், உள்ளே சவ்வு படரவும், கண் அழுத்தம் ஏறவும், சில கண்களில் அழுத்தம் மிகவும் இறங்கிக் கண்ணே சுருங்கவும் கூடும். ஆகவேதான் கண்ணின் உட்புறத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் பரிசோதனையில் அழற்சி அணுக்கள் தென்படாத நிலை குறைந்தது மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும் என்கிறோம். இடையில் அழற்சி கிளர்ந்தால் அந்தக் கணக்கு மறுபடி தொடங்கும். இந்தக் காலத்தில் அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும், தேவையானால் அடாலிமுமாப் ஊசியும் முழு வீச்சில் தரப்பட வேண்டும். 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகள் மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் பெற்றவர்களைவிட மிகவும் நன்றாக இருந்ததால், குழந்தைகளைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மருந்தை வலுப்படுத்தாமல் வெறுமனே காத்திருக்கச் சொன்னால், காரணம் கேளுங்கள்.

கண் சிவந்ததே இல்லை, வலியும் இல்லை. பிறகு எப்படி இவ்வளவு பாதிப்பு?

இந்த நோயின் கொடுமையே அதுதான். வெள்ளை விழி வெள்ளையாகவே இருக்க, உள்ளே அழற்சி நடக்கும். சிறு வயதிலேயே மூட்டுவாதம் தொடங்கி, ரத்தத்தில் ஏ.என்.ஏ. (உடலின் சொந்த அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்) பாசிட்டிவாக உள்ள குழந்தைக்கு முதல் சில ஆண்டுகள் மூன்று மாதத்துக்கொரு முறை கண் பரிசோதனை அவசியம்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தால்தான் புரை வந்தது என்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அழற்சியும் புரையை உண்டாக்கும், ஸ்டீராய்டும் உண்டாக்கும். நாளுக்கு மூன்று சொட்டுக்கு மேல் நெடுங்காலம் தேவைப்பட்டால் ஆபத்து கூடுகிறது. அந்தத் தேவையைக் குறைப்பதற்காகவே மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடங்குகிறோம்.

செயற்கை லென்ஸ் வைப்பீர்களா?

ஒரு காலத்தில் இக்குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது என்றிருந்தோம். இப்போது அழற்சி நன்றாகக் கட்டுப்பட்ட, தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்கு அக்ரிலிக் லென்ஸ் வைக்கிறோம். கட்டுப்பாடு ஐயத்துக்குரியதாக இருந்தால் வைக்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. அப்போது கான்டாக்ட் லென்ஸோ தடித்த கண்ணாடியோ தாமதமின்றி அணிவித்து, தேவைக்கேற்ப நல்ல கண்ணை மூடிப் பயிற்சி தர வேண்டும். குழந்தைகளுக்குக் கண்ணின் இயற்கை லென்ஸின் பின்னுறை விரைவில் மங்கிவிடும் என்பதால், பெரும்பாலும் அதே அறுவையிலேயே அதைத் திறந்து, முன்பகுதி விட்ரியஸையும் (கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் கூழ்) அகற்றிவிடுகிறோம்.

அறுவை முடிந்ததும் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. அகற்றப்படுவது புரை மட்டுமே, நோய் அப்படியே இருக்கிறது. அறுவையையொட்டி ஸ்டீராய்டைக் கூட்டித் தந்து பிறகு படிப்படியாகக் குறைப்போம். கண் அழுத்தத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டியிருக்கும்.