ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரையைக் கூட்டலாமா?

கேள்வி: என் 3 வயது மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கரைசல் கரிக்கிறது என்று துப்பிவிடுகிறாள். கூடுதலாகச் சர்க்கரை போட்டுக் கொடுக்கலாமா? வெறும் தண்ணீர் போதாதா, டாக்டர்?

பதில்: சர்க்கரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள் அம்மா. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உப்போடு இருக்கும் குளுக்கோஸ் என்கிற சர்க்கரை ருசிக்காகப் போட்டது இல்லை. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் செல்களில் ஒரு புரதம் உண்டு. அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் உப்பில் இருக்கும் சோடியத்தின் இரண்டு அயனிகளையும் (மின்னூட்டமுள்ள துகள்கள்) சேர்த்தேதான் உள்ளே எடுக்கும், ஒன்று இல்லாமல் மற்றதை எடுக்காது. உள்ளே வந்த சோடியத்தை அந்தச் செல் மறுபக்கம் ரத்தத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதற்கு ஏடிபி என்கிற ஆற்றல் மூலக்கூறைச் செலவழிக்கிறது. தண்ணீரைத் தள்ளுவதற்கென்று செல்லில் தனி பம்ப் கிடையாது, உப்பு போகும் பக்கம்தான் தண்ணீரும் போகும். காலரா நச்சு குடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் கொட்ட வைக்கும்போதுகூட இந்தப் புரதம் பழுதாகாமல் வேலை செய்கிறது. எத்தனையோ குழந்தைகள் பிழைத்தது இதனால்தான், எனக்கு இன்றும் இது பெரிய ஆச்சரியம்.

சர்க்கரை அதிகமானால் என்ன ஆகும்? உறிஞ்சப்படாமல் மிஞ்சும் சர்க்கரை, உடம்பில் இருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும், போக்கு இன்னும் கூடும். குளிர்பானம், பாக்கெட் ஜூஸ் வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனமே 2002-இல் பழைய கலவையில் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தது. இப்போது லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு), அதாவது இரண்டும் சம அளவு. வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்தால், போன உப்பு திரும்பி வராது, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

சரி, துப்புகிறாளே, என்ன செய்வது? பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில், கொதிக்க வைத்து ஆறியதில், முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். லேசாகக் குளிரவைத்தால் கரிப்பு அவ்வளவு தெரியாது. டம்ளரில் நீட்டாமல் ஸ்பூனில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். ஒவ்வொரு தடவை வயிற்றுப்போக்கு ஆன பிறகும் 100 முதல் 200 மில்லி கரைசல் உள்ளே போக வேண்டும். 24 மணி நேரம் ஆன கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். வழக்கமான சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்து பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கண் உள்ளே போயிருந்தால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், எதையும் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால் ஸ்பூனோடு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.