முன்பணம் கட்டாதீர்கள் அண்ணா

மகளின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு, சென்னிமலையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா பெட்ஷீட் தறி ஓட்டுகிறவர். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "பிசிக்ஸ்தான் படிப்பேன்ங்கறா. சொந்தக்காரங்க எல்லாம் சிரிக்கறாங்க. அவ சித்தப்பன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசி வெச்சிருக்கான். தோட்டத்து மேல கடன் வாங்கிக் கட்டிரலாமுங்களா?" என்றார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

கட்டாதீர்கள் அண்ணா. தோட்டத்தை அடமானம் வைத்து, பிள்ளைக்குப் பிடிக்காத சீட்டை வாங்குவது படிப்புச் செலவு ஆகாது. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் செலவு. கம்ப்யூட்டர் படிப்பில் குற்றமில்லை. அதற்கு ஆசைப்படும் பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள், அவர்கள் படிக்கட்டும்.

உங்கள் அம்மிணிக்கு என்ன ஆசை என்று கேட்டேன். எனக்காக நீங்கள் கொண்டுவந்த கட்டம் போட்ட போர்வையை மேசையில் விரித்தாள். பாவு சிவப்பு, ஊடை நீலம். அதைக் கால் சுற்று திருப்பிவிட்டு, "கட்டம் அப்படியேதான் இருக்குது, நிறம் மட்டும் இடம் மாறிருச்சு பாருங்க. தாமிர ஆக்சைடு மீக்கடத்தியும் இப்படித்தானுங்க" என்றாள். சரியாகவே சொன்னாள். மீக்கடத்தி என்றால், நன்றாகக் குளிர்ந்ததும் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். 1911இல் பாதரசத்தில் கண்ட சாதாரண மீக்கடத்தியில் எலக்ட்ரான் இணைகளின் அலைகள் எல்லாம் ஏற்ற இறக்கத்தில் ஒன்றாகிவிடும். அதில் ஒரு சமச்சீர், அதாவது மாற்றினாலும் அப்படியே தோன்றும் ஒழுங்கு, உடைகிறது. 1986இல் வந்த தாமிர ஆக்சைடு வகையில், படிகத்தை 90 பாகை திருப்பினால் அந்த இணைகளின் அலைக்குக் குறி மாறும், கூட்டல் கழித்தலாகிவிடும். அங்கே சுழற்சிச் சமச்சீரும் சேர்ந்து உடைகிறது. 1994இல் மூன்று படிகத் துண்டுகளைக் கோணம் மாற்றி ஒட்டி, அதில் ஒரு வளையம் செய்து பார்த்தார்கள். வளையத்தின் ஊடே போகும் காந்தப் புலத்தின் அளவு, அதாவது காந்தப் பாயம், முழு அலகாக வராமல் பாதி அலகாக நின்றது. குறி மாறுகிறது என்பதற்கு அது வலுவான சாட்சி. பதினேழு வயதில் இதை ஊன்றிப் படித்து வைத்திருக்கும் பிள்ளையை எதற்கு இழுத்துப் பிடிக்கிறீர்கள்?

இதையெல்லாம் நம் ஊர்ப்பக்கம் யார் செய்கிறார்கள் என்று சித்தப்பா கேட்பார். 1987இலேயே அமெரிக்க இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து தாமிர ஆக்சைடுகளுக்குக் கோட்பாடு எழுதியவர்களில் ஒருவரான ஜி. பாஸ்கரன், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர்தான்.

இனி வழி. யாரும் ஏறிட்டுப் பார்க்காதது: பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு. கல்லூரிச் செலவு ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். சேரும்போது ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: துணைப் பாடமான அல்லைடு கணிதத்தை யார் நடத்துகிறார், வகுப்பு உருப்படியாக நடக்கிறதா. கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். குவாண்டம் பாடத்துக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்து பழைய ஜாம் தாள்களைப் போட ஆரம்பிக்கட்டும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பிப்ரவரியில் நடக்கும், கடைசி ஆண்டு மாணவர்களும் எழுதலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் பகுதியும் உண்டு, விடையை எண்ணாகவே எழுத வேண்டிய பகுதியும் உண்டு. மனப்பாடம் அங்கே எடுபடாது.

ஜாமில் நல்ல இடம் பிடித்தால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. அல்லது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் சேர்ந்த ஒருங்கிணைந்த பி.எச்டி. இரண்டாவதில் முதல் ஆண்டிலிருந்தே உதவித்தொகை. எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

கஷ்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். முனைவர் பட்டம் முடிய இருபத்தேழு, இருபத்தெட்டு வயதாகும். நடுவில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. அதை இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பேராசிரியர் வேலை நிச்சயம் என்றும் நான் சொல்லமாட்டேன். இந்தத் துறையில் விடையும் சீக்கிரம் வராது. ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் என்று ஒரு மீக்கடத்தி, 1994இல் கண்டுபிடித்தது. அதில் காலத் திருப்பச் சமச்சீர், அதாவது காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் மாறாத ஒழுங்கு, உடைகிறது என்று 1998இல் மியூயான் என்ற நுண்துகளை வைத்துச் செய்த சோதனை காட்டியது. எலக்ட்ரான் தற்சுழற்சிகள் ஒரே பக்கம் பார்த்து இணைகின்றன என்றே வெகுகாலம் பலரும் நம்பினார்கள். 2019இல் காந்த ஒத்ததிர்வு அளவீடு அதைக் கவிழ்த்துவிட்டது. இன்னும் வழக்கு முடியவில்லை. இதைச் சொன்னபோது அம்மிணிக்கு முகம் வாடவில்லை, "அப்ப நமக்கும் வேலை மிச்சம் இருக்குதுங்க" என்றாள். அவள் மதிப்பெண் பட்டியலைவிட அந்தப் பதிலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஜாம் முதல் தடவை வரவில்லை என்றால் பெரியார் பல்கலைக்கழகத்திலோ பாரதியார் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. சேர்ந்துகொண்டு இன்னொரு தடவை எழுதலாம். ஆசையே மாறிப்போனாலும், கணிதம் படித்த பி.எஸ்சி.காரர்களுக்கு எம்.சி.ஏ. கதவு திறந்தே இருக்கிறது. கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிப்போகாது என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.