லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோயை ஆராய்வதால் மற்றவர்களுக்கு என்ன பயன்?

கேட்டவர் வரிப்பணத்தைப் பற்றிக் கவலைப்படும் இளைஞராக இருக்கக்கூடும். நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுபவன், மருத்துவன் அல்லன். நீங்கள் குறிப்பிடும் அந்த ஒருவர் என் மகள் என்பதால் எழுதுகிறேன்.

எட்டு வயதில் அவள் படி இறங்கத் தடுமாறினாள். கண்ணைத் தாழ்த்த வராததால், தலையையே முழுவதும் குனிந்து படியைத் தேடுவாள். வாய்விட்டுச் சிரித்தால் கால் துவண்டு சரிந்துவிடுவாள். நடிக்கிறாள் என்று நான் அதட்டியதும் உண்டு. சேலத்தில் ஒரு கண் மருத்துவர் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கண்ணாடியை மாற்றினார். வேறொருவர்தான் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருப்பதைக் கண்டு, மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வந்த பெயர் நீமன்-பிக் சி. செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற செரிமானப் பையில் சேரும் கொலஸ்டிராலை அதிலிருந்து வெளியே எடுத்துவிடும் என்பிசி1 என்ற புரதம் பழுதாகி, கொழுப்பு அங்கேயே தேங்கி, மூளையை மெல்லக் கெடுக்கும் நோய் அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். ஆம், நான் அக்காள் மகளை மணந்தவன். உறவில் மணந்தால் வாய்ப்பு கூடும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் உறவே இல்லாத பெற்றோருக்கும் இந்நோயுடன் பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மரபணுவை 1997இல் கண்டுபிடித்தவர்கள் எந்த வைரஸையும் தேடவில்லை. இப்பிள்ளைகளின் நோய்க்குக் காரணம் தேடினார்கள். 2011இல், எபோலா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய இதே புரதத்தைத்தான் பற்றிக்கொள்கிறது என்று தெரிந்தது. நீமன்-பிக் நோயாளிகளிடமிருந்து எடுத்து வளர்த்த செல்களில் அந்த வைரஸால் தொற்ற முடியவில்லை. (நோயாளிகளுக்கு எபோலாவே வராது என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம், ஆய்வகச் செல்களைத்தான் சொல்கிறேன்.) 2015இல் இன்னொன்று வெளிவந்தது: ஆப்பிரிக்காவின் பழந்தின்னி வௌவால் இனம் ஒன்றில், இப்புரதத்தின் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் எபோலாவின் பிடி தளர்ந்துவிடுகிறது. எந்த விலங்கின் செல்லுக்குள் வைரஸ் புகும், எதில் புக முடியாது என்பதற்கு ஒரு தடயம் கொழுப்பு நோய் ஆராய்ச்சியின் வழியாகக் கிடைத்திருக்கிறது.

2024இல் இந்நோயின் நரம்புக் கோளாறுகளுக்காக இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எங்கள் கைக்கு அவை இன்னும் எட்டவில்லை. மகளுக்கு இப்போது தண்ணீர் புரையேறுகிறது. கஞ்சி போலக் கெட்டியாக்கி, கரண்டியால் ஊட்டுகிறோம். கேள்வியில் ‘மற்றவர்களுக்கு’ என்று இருந்ததால்தான் எபோலாவைப் பற்றி இவ்வளவு எழுத நேர்ந்தது.