இருமல் போய்விட்டால் நோயும் போய்விட்டதா?

கேள்வி: எங்கள் பண்ணையில் பன்றிக்குட்டிகள் இருமுகின்றன, சில நாளில் தானே சரியாகிவிடுகிறது. இருந்தும் ஒவ்வொன்றையும் பிடித்துப் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: பிடிக்கவே வேண்டாம். நான் கால்நடை மருத்துவத்துக்கு வந்த புதிதில், அலறும் பன்றியை இருவர் அமுக்கிப் பிடிக்க, மூக்கில் பஞ்சுக்குச்சி விடுவேன். பாவம், அதுவும் மிரளும், நாங்களும் களைத்துப்போவோம். இப்போது பருத்திக் கயிறுதான். பன்றியின் தோள் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். ஒன்று வந்து மோந்து பார்க்கும், அப்புறம் கூட்டமே கடித்து இழுக்கும். அரைமணி நேரத்தில் கயிறு உமிழ்நீரில் ஊறிவிடும். அதைச் சுத்தமான பையில் பிழிந்து, அந்த உமிழ்நீரைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனையில் இன்ஃப்ளூயன்ஸா (ஃப்ளூ), பிஆர்ஆர்எஸ் (பன்றிகளின் சுவாசத்தையும் இனப்பெருக்கத்தையும் பாதிக்கும் வைரஸ் நோய்) இரண்டையும் தேடலாம். பால்குடிக் குட்டிகள் கயிற்றைச் சரியாகக் கடிக்காது. அவற்றுக்கு மூக்குப் பஞ்சுதான்.

ஃப்ளூவைத் தேடுவதென்றால் இருமும்போதே அனுப்புங்கள், இருமல் நின்றபின் அது அகப்படாமல் போகலாம். ஃப்ளூ வைரஸ் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மூக்கை விட்டுப் போய்விடும். ஆனால் புதிய குட்டிகள் வர வர, பண்ணைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். 2009-இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 பன்றிகளிடமிருந்த வைரஸ்களின் மரபணுக்கள் கலந்து உருவானது. நம் ஃப்ளூவும் பன்றிகளுக்குத் தொற்றும். காய்ச்சல் உள்ள பணியாளரைத் தயவுசெய்து கொட்டிலுக்குள் விடாதீர்கள்.