ஊட்டியின் பழங்கதைகளை எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

ஊட்டிக்கு நேரே போகாதீர்கள். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்குக்கு முதலில் போங்கள். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து 1819-இல் கட்டிய பங்களா அங்கேதான் இருக்கிறது. ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா அதற்கு அப்புறம் வந்தது. இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஊட்டி ஏரியும் அவர் வேலைதான்.

எனக்குப் பிடித்த இடம் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். அந்தக் கனத்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. ரயிலே இல்லாத காலம்! பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும்: ஊட்டியை அவர் 'கண்டுபிடித்தார்' என்று யாராவது சொன்னால், தோடர்கள் அதுவரை எங்கே எருமை மேய்த்தார்களாம் என்று கேளுங்கள்.