தொழிலாளர்களே உரிமையாளர்கள் ஆனால் ஏற்றத்தாழ்வு குறையுமா?

“முதலாளித்துவத்தில் ஏற்றத்தாழ்வு கூடிக்கொண்டே போகிறதே, தொழிலாளர்களே நிறுவனத்துக்கு உரிமையாளர்கள் ஆவது அதற்கு மாற்றாகுமா? ஊழியர்களுக்குப் பங்கு தரும் கம்பெனிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. அதை விளக்க மூணாறைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மூணாறின் தேயிலைத் தோட்டங்களை 2005 வரை டாடா டீ நடத்திவந்தது. தேயிலை விலை வீழ்ந்திருந்த அந்த ஆண்டுகளில், தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலக அது முடிவுசெய்தது. அப்போது உருவானதுதான் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி. கொழுந்து பறிக்கும் பெண்களிலிருந்து மேலாளர்கள் வரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்கு வாங்கினர். பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடம் இருந்தன, டாடா சிறுபான்மைப் பங்கை வைத்துக்கொண்டது. இந்தியாவின் மிகப் பெரிய ஊழியர் உடைமை முயற்சிகளுள் ஒன்று என்று இது பாராட்டப்பட்டது. அந்தப் பங்குதாரர்களில் மிகப் பெரும்பாலோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வழிவந்த தமிழர்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு நகரத்தின் நடுவே கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். முந்தைய ஆண்டு 20 சதவீதமாக இருந்த போனஸ், இலாபம் சரிந்துவிட்டது என்ற காரணத்தால் 10 சதவீதமாக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய், அதற்குக் குறைந்தபட்சம் 21 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். சமாதானம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் அந்தப் பெண்கள் பக்கத்தில் அண்டவிடவில்லை. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பின்னர் அறியப்பட்ட அந்தக் கூட்டம் ஒன்பது நாள் போராட்டத்தில் 20 சதவீதத்தையே பெற்றது. அதற்கடுத்த மாதம் கேரளத் தோட்டத் தொழிலாளர்களின் நாட்கூலி 301 ரூபாயானது.

யாருடைய கம்பெனிக்கு எதிராக அவர்கள் மறியல் செய்தார்கள்? காகிதத்தில் அது அவர்களுடையதுதான். ஆனால் கம்பெனிச் சட்டத்தில் வாக்கு ஆளுக்கு ஒன்றாக இராது, பங்குக்கு ஒன்றாகவே இருக்கும். கொழுந்து எடுப்பவரின் சில நூறு பங்குகளுக்குக் கிடைக்கும் ஈவுத்தொகையைக் காட்டிலும் நாட்கூலியில் சில ரூபாய் உயர்வது அவருக்குப் பெரிது. எடை போடும் இடத்தில் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, உரம் எப்போது போடப்படுகிறது, லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பின் கூரை எந்த ஆண்டு மாற்றப்படும் என்பவற்றில் அவருக்குச் சொல் இல்லை. வீடு கம்பெனியுடையது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலைச்சரிவு எழுபது பேரைக் கொண்டுபோனபோது, அவர்கள் படுத்திருந்தது இந்தக் கம்பெனியின் லயங்களில்தான். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. பங்குதாரர் என்ற தகுதி அவர்களை அந்த ஓரறை வரிசைவீடுகளிலிருந்து ஓர் அடிகூட நகர்த்தியிருக்கவில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: சேர்க்க முடியாது. பெங்களூரு மென்பொருள் கம்பெனி தன் பொறியாளர்களுக்குத் தரும் பங்கும் இந்த வகைதான், தொகை மட்டும் பெரிது. அது ஊதியத்தின் ஒரு பகுதியைப் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாடு. அதில் தவறில்லை, அதைக் கொண்டு வீடு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் நிர்வாகத்தை மாற்றும் அதிகாரம் வேலை செய்பவர்கள் கையில் இல்லாதவரை, அந்த நிறுவனத்துக்குள் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர் மாறுவதில்லை. ஏற்றத்தாழ்வு பிறக்கும் இடமோ அதுதான். அரசு வரி போட்டும் உதவித்தொகை கொடுத்தும் பின்னால் சரிசெய்யப் பார்ப்பது, அங்கே ஏற்கெனவே பிரிந்துபோன தொகையைத்தான். பிரெஞ்சுப் பொருளியலாளர் தோமா பிக்கெட்டியும் மற்ற மூவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022–23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதமும் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டின் ஒரு சதவீதத்தினரிடம் இருந்தன. சொத்தின் விகிதம் வருமானத்தின் விகிதத்தைவிட இவ்வளவு பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். கூலியை மட்டும் உயர்த்தி இதைச் சமன்செய்ய முடியாது என்பதற்கு அந்த இடைவெளியே போதும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். பங்குக்கு அல்லாமல் ஆளுக்கு ஒரு வாக்கு உள்ள தொழிலாளர் கூட்டுறவைத்தான் நான் தொழிலாளர் உடைமை என்பேன். அதற்கு எனக்குப் பிடித்த உதாரணமும் கேரளத்தில்தான் இருக்கிறது, பீடித் தொழிலில்.

1966இல் மத்திய அரசு பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான வேலை நிலைமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்தக் கேரள அரசு முனைந்ததும், கண்ணூர் வட்டாரத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த மங்களூரு முதலாளிகள் 1968இல் கடையைக் கட்டினார்கள். ஒரே வீச்சில் பன்னிரண்டாயிரம் பேருக்கு வேலை போனது. முதலாளிகளுக்கு அதனால் நட்டமில்லை. இலையையும் தூளையும் வீடு வீடாகக் கொடுத்து, சட்டத்தின் கண்ணில் படாமல் சுற்றிவாங்க வேறு ஊர்கள் இருந்தன. நெல்லை வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த முறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலை குறைவாக வரும், ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழிவு என்று ஒதுக்கப்படும் பீடிகளுக்குக் கூலி கிடையாது.

கண்ணூரில் தொழிலாளர்கள் 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். பங்குத்தொகையின் பெரும்பகுதியை மாநில அரசு கடனாகத் தந்தது. ஊர் ஊராக ஆரம்பச் சங்கங்களும், அவற்றுக்கு இலையும் புகையிலையும் வாங்கித்தந்து பீடியை விற்றுக்கொடுக்க ஒரு மத்தியச் சங்கமும் அமைந்தன. வீட்டுத் திண்ணையில் சுற்றிய வேலை கூடத்துக்கு வந்தது. வைப்புநிதி, பணிக்கொடை, விடுமுறைச் சம்பளம், பேறுகால உதவி எல்லாம் கிடைத்தன. உச்சத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். வட்டமாக உட்கார்ந்து சுற்றும்போது ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார், அவர் சுற்ற வேண்டிய பீடிகளை மற்றவர்கள் தங்கள் கையிலிருந்து ஈடுகட்டிவிடுவார்கள் என்ற பழைய பழக்கமும் அந்தக் கூடங்களில் தொடர்ந்தது. இதை வெறும் மலரும் நினைவாக நான் சொல்லவில்லை. சங்கத்தின் எல்லா உறுப்பினர்களும் கூடும் பேரவையில் கணக்குப் படிக்கும்போது கேள்வி கேட்கத் தெரிந்த உறுப்பினர்கள் இப்படிப்பட்ட கூடங்களிலிருந்துதான் வந்திருக்க முடியும் என்பது என் எண்ணம்.

பிறகு என்ன ஆயிற்று? ஊரில் பீடி குடிப்பவர்கள் குறைந்தார்கள். எந்தக் கூட்டுறவும் அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. முதலாளி கம்பெனியாக இருந்தால் ஆட்களை நிறுத்திவிட்டு வேறு தொழிலுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கும். தினேஷ் 1990களின் இறுதியிலிருந்து உணவுப்பொருள், குடை, ஆயத்த ஆடை, மென்பொருள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. பழைய நாற்பதாயிரத்தை அவை திரும்பத் தரவில்லை. ஆனாலும் உறுப்பினர்கள் ஓய்வுபெற ஓய்வுபெறச் சுருங்குவதும், ஒரு காலையில் பூட்டு தொங்குவதும் ஒன்றல்ல.

இதே கேரளத்தில் இன்னொன்று வளர்ந்துகொண்டே போகிறது: வடகரைக்கு அருகில் 1925இல், சமூகச் சீர்திருத்தத் துறவி வாக்படானந்தரைப் பின்பற்றியதற்காக வேலை மறுக்கப்பட்டவர்கள் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம். பதினான்கு பேரும் சில அணாக்களும் கொண்டு கூலிவேலைக்கு ஒப்பந்தம் எடுத்த அந்தச் சங்கம், இன்று தேசிய நெடுஞ்சாலை 66இன் தலப்பாடி–செங்களா பகுதியைப் போடும் ஒப்பந்தத்தைப் பெறும் அளவுக்கு வந்திருக்கிறது. கொச்சியில் திறந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாமல் மூடப்பட்ட பாலாரிவட்டம் மேம்பாலத்தை, டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் மேற்பார்வையில் சில மாதங்களில் திருத்திக் கட்டி 2021 மார்ச்சில் போக்குவரத்துக்கு விடச்செய்ததும் இதுதான். கூட்டுறவு என்றால் சுணக்கம் என்ற பேச்சுக்கு அந்தப் பாலமே பதில். எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. வேலை பெருகப் பெருக, வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்களும் அதன் வேலைத்தளங்களில் பெருகுகிறார்கள்; அவர்கள் எல்லோரும் வாக்குள்ள உறுப்பினர்கள் அல்லர். உள்ளே இருக்கும் உறுப்பினருக்கு, புதிதாக ஒருவரை உறுப்பினராக்குவது தன் பங்கைப் பிரித்துக் கொடுப்பதாகத் தோன்றும். உலகமெங்கும் வெற்றிபெற்ற தொழிலாளர் கூட்டுறவுகளைப் பிடிக்கும் நோய் இது. தோற்றவற்றுக்கு இந்தச் சிக்கல் வருவதே இல்லை.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள மொந்த்ராகனிலும் இதே நோய் உண்டு. ஹோசே மரியா அரிஸ்மெண்டியாரியெட்டா என்ற பாதிரியார் 1943இல் தொடங்கிய தொழிற்பள்ளியில் படித்த ஐவர் 1956இல் அமைத்த சிறு பட்டறையிலிருந்து, இன்று எழுபதாயிரம் பேர் அளவுக்கு வேலை செய்யும் கூட்டமைப்பாக அது வளர்ந்திருக்கிறது. அடிமட்ட ஊதியத்துக்கும் மேல்மட்ட ஊதியத்துக்கும் இடையே தொடக்கத்தில் ஒன்றுக்கு மூன்று என்ற வரம்பு இருந்தது, பிறகு அது பெரும்பாலான சங்கங்களில் ஒன்றுக்கு ஆறு வரை தளர்ந்தது. தளர்ந்தபின்னும் பெருங்கம்பெனிகளின் நூற்றுக்கணக்கான மடங்கோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம். உறுப்பினர் சேரும்போது ஒரு தொகை கட்ட வேண்டும். இலாபத்தில் அவருக்குரியது அவர் பெயரிலேயே சங்கத்துக்குள் தங்கி, ஓய்வு பெறும்போதுதான் கைக்கு வரும். இன்றைக்கே பிரித்துக்கொள்ளலாம் என்ற ஆசையை இந்த ஏற்பாடு கட்டுப்படுத்துகிறது, முதலீட்டுக்கும் பணம் நிற்கிறது.

2013இல் அதன் மூத்த நிறுவனமான ஃபாகோர் வீட்டுச்சாதன ஆலை நொடித்தபோது, மற்ற சங்கங்கள் ஓரளவுக்கு மேல் பணம் போட மறுத்துவிட்டன. ஆனால் அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்றச் சங்கங்களில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. பிரான்சிலும் போலந்திலும் ஃபாகோர் வாங்கி வைத்திருந்த ஆலைகளின் தொழிலாளர்கள் உறுப்பினர்கள் அல்லர்; அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு நீளவில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே வீழ்ச்சியில், வாக்குரிமை இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் நேர்ந்தவை இவ்வளவு வேறுபட்டன.

ஆக, இது முதலாளித்துவத்துக்கு முழு மாற்றா என்றால், இல்லை என்றே சொல்வேன். நிறுவனத்தின் உள்ளே ஊதிய இடைவெளியைச் சுருக்குகிறது, நெருக்கடியில் ஆளைக் குறைக்காமல் சம்பளத்தைக் குறைத்துச் சமாளிக்கவைக்கிறது, மேலாளரைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. வெளியே சந்தை அப்படியே இருக்கிறது. ஒரு சங்கத்து உறுப்பினர் நன்றாக இருப்பதும் பக்கத்து ஊர் ஒப்பந்தத் தொழிலாளி பட்டினி கிடப்பதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். நிலமும் கல்வியும் மருத்துவமும் பரம்பரைச் சொத்தும் பற்றிய கேள்விகளுக்கு இதில் விடையில்லை. அவற்றுக்கு அரசும் வரியும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இது ஏன் வளரவில்லை என்றும் கேட்கலாம். நான் சில ஆண்டுகள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். அவை பெயரளவில் நெசவாளர்களுடையவை. பேரவைக் கூட்டத்தன்று தீர்மானப் புத்தகம் முதலில் கையெழுத்துக்குச் சுற்றிவரும், தீர்மானம் பிறகு எழுதப்படும். உறுப்பினர்கள் வந்ததே பாவு நூலும் கூலியும் எப்போது கிடைக்கும் என்று விசாரிக்கத்தான். தேர்தல் நடக்காத காலங்களில் தனி அலுவலர் ஒருவரே பல சங்கங்களுக்கும் நிர்வாகக் குழு. அரசு உதவியது கண்ணூரிலும்தான்; அங்கே உதவிக்குப் பிறகு நடத்தும் பொறுப்பு தொழிலாளர்களிடம் இருந்தது, இங்கே நடத்துவதும் பெரும்பாலும் துறைதான்.

அடுத்தது கடன். மும்பையில் மூடிக்கிடந்த கமானி டியூப்ஸ் ஆலையை 1988இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர்களே எடுத்து நடத்தினார்கள்; சில ஆண்டுகள் நன்றாக ஓடி, பிறகு தள்ளாடி நின்றது. மொந்த்ராகன்காரர்கள் முதல் பட்டறை தொடங்கி மூன்றே ஆண்டுகளில், 1959இல், தங்களுக்கென்று ஒரு வங்கியைத் தொடங்கியது, தேவையான நேரத்தில் கடன் கிடைக்காமல் போகும் ஆபத்தை அறிந்துதான். நம் ஊர்க் கூட்டுறவு வங்கிகளில் நகைக்கடன் உண்டு, பயிர்க்கடன் உண்டு. மூடப்போகும் ஒரு நூற்பாலையை அதன் இருநூறு தொழிலாளர்கள் சேர்ந்து வாங்க விரும்பினால், அவர்கள் விண்ணப்பத்தை எந்த மேசையில் கொடுப்பது என்று நான் விசாரித்த எந்தக் கிளையிலும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.