"எனக்கு எதுவும் வராதும்மா!"

கேள்வி: என் மகளுக்கு வயது 15. விழித்திரையின் நடுப்பகுதியைப் பாதிக்கும் ஸ்டார்கார்ட் நோயால் பார்வை குறைந்துவிட்டது. கரும்பலகையைப் பார்க்க டாக்டர் கொடுத்த 4 மடங்கு தொலைநோக்கிக் குழலைப் பையை விட்டு எடுப்பதே இல்லை. எதற்கெடுத்தாலும் "எனக்கு எதுவும் வராதும்மா" என்கிறாள். எவ்வளவு பாராட்டினாலும் நம்புவதில்லை. என்ன செய்வது?

பதில்: "சூப்பர்" என்றால் அவளுக்கு எது சரியாக வந்தது என்று எப்படித் தெரியும்? பார்வையுள்ள பிள்ளைகள், மற்றவர்கள் தண்ணீர் சிந்துவதையும் பொத்தானை மாற்றிப் போடுவதையும் தினமும் பார்க்கிறார்கள். உங்கள் மகள் கண்ணில் அவை பெரும்பாலும் படுவதில்லை. தப்பு செய்வது தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொள்கிறாள். வீட்டில் யார் எதைக் கொட்டினாலும் அவள் காதில் விழச் சொல்லுங்கள்.

ஒரு வேலையை முழுசாக அவளிடம் விடுங்கள். பால் ஊற்றுவதையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை டம்ளரில் பாலின் மட்டம் தெரியாது. அடர்நிற டம்ளர் கொடுங்கள். அடியில் விளிம்புள்ள தட்டு. முதல் வாரம் பச்சைத் தண்ணீர்தான். ஜாடி மூக்கை டம்ளர் விளிம்பில் பதித்து, விரல் நுனியை உள்ளே வளைத்து வைத்து, நனைந்ததும் நிறுத்தட்டும். சூடான பாலுக்கு விரல் கூடவே கூடாது. விளிம்பில் மாட்டினால் மட்டம் வந்ததும் ஒலிக்கும் சிறு கருவி இருக்கிறது. சிந்தினால் துணியை அவளே எடுக்கட்டும். பதறிப்போய் ஜாடியை நீங்கள் வாங்கினால், "உனக்கு வராது" என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். முடிந்ததும், "மூணு டம்ளரும் ஒரே மட்டம், ரெண்டாவதுல கொஞ்சம் சிந்தியிருக்கு" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

குழலை ஒதுக்குவதற்கு வெட்கம் மட்டும் காரணமாக இருக்காது. 4 மடங்கு பெரிதாக்கும் குழல் கை நடுக்கத்தையும் 4 மடங்காக்கும். தெரியும் பரப்பும் குறுகலானது. வகுப்பே பார்க்க அதில் தடுமாற எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? வீட்டில் தினம் 10 நிமிடம், முழங்கையை மேசையில் ஊன்றி, எதிர்ச்சுவர்க் காலண்டரைப் படிக்கட்டும். முதலில் வெறும் கண்ணால் இடம் கண்டுபிடித்து, தலையை அசைக்காமல் குழலை உயர்த்த வேண்டும். கை பழகிய பிறகு வகுப்புக்குப் போகட்டும்.

இந்த நோயில் பார்வையின் நடுப்பகுதிதான் மங்குகிறது. அதனால் எதிரில் இருப்பவரை நேராகப் பார்க்காமல், கண்ணைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிப் பார்ப்பாள். தோழிகள் அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார்கள். "நேரா பார்த்தா உன் முகம் மறைஞ்சிடும், பக்கவாட்டுல பார்த்தாத்தான் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடு" என்று அவள் வாயாலேயே சொல்லிப் பழக்குங்கள்.

குறைபார்வையோடு வேலைக்குப் போகும் பெண் யாரையாவது சந்திக்க வையுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். உங்கள் முன்னால் கேட்கத் தயங்குவதை அங்கே கேட்பாள்.